பிளைண்ட் இல்லாமல் ஆன்டி மட்டும் வைத்து போக்கர் போட்டி ஆடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெக்சாஸ் ஹோல்டெம் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபிளாப், டர்ன், ரிவர் என்றால் என்ன, எந்தக் கை எதை வெல்லும் என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் அதை முதலில் பழகிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு குழப்பும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலை எட்டுப் பேர் உட்காருவோம். ஓசூரில் வேலை பார்ப்பவர்கள் சிலர், மாங்காய் மண்டியில் இருப்பவர் ஒருவர், தருமபுரியிலிருந்து வருபவர்கள் இருவர். டீலருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் மட்டும் பிளைண்ட் (சீட்டு விழும் முன் கட்டாயமாக வைக்கும் தொகை) போடும் முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லோரும் சமமாகக் கட்டாயத் தொகை, அதாவது ஆன்டி, போடும் முறைக்கு மாறினோம். மூன்று சீட்டு ஆடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எல்லோரும் நடுவில் வைத்த பிறகுதான் சீட்டு விழும்.

பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் பிளைண்ட் ஆட்டத்தில் நன்றாக ஆடுபவர்கள்கூட இங்கே வந்து முதல் மூன்று நான்கு வாரம் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் விழும் இடம் ஒன்றுதான். ஆன்டி சின்னத் தொகையாக இருப்பதால், அதை அளவுகோலாக வைத்து எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அளவுகோலை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள். மூன்றாவது படி புரியாமல் ஐந்தாவது படி புரியாது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சீட்டுக்கட்டு இரண்டு வேண்டும். ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது இன்னொன்றைப் பக்கத்து ஆள் கலைத்து வைத்தால் நேரம் மிச்சம்.

சிப் ஆளுக்கு 10,000. அதைப் பிரிப்பதில்தான் கவனம் தேவை: 25 சிப் 16, 100 சிப் 16, 500 சிப் 6, 1,000 சிப் 5. பிளைண்ட் ஆட்டத்தில் ஒரு சமயத்தில் இரண்டு பேர்தான் சில்லறை போடுவார்கள். இங்கே எட்டுப் பேரும் ஒவ்வொரு ஆட்டத்திலும் போட வேண்டும். சில்லறை குறைவாக இருந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். சிறிய சிப் பற்றாவிட்டால் 25க்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது.

நடுவில் வைக்க ஓர் எவர்சில்வர் தட்டு. இது அலங்காரத்துக்கு இல்லை. ஆன்டி மட்டும்தான் தட்டுக்குள் போகும், மற்ற பெட் எல்லாம் அவரவர் முன்னால் ஜமக்காளத்தில் இருக்கும். தட்டில் சிப் விழும் சத்தம் எட்டு முறை கேட்டால்தான் டீலர் சீட்டைத் தொடுவார். "யார் போடல?" என்ற சண்டை இதனால் எங்கள் வீட்டில் நின்றே போனது. தட்டு இன்னொரு பெரிய வேலையும் செய்கிறது. அதை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

ஆன்டி உயரும் வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 25, 50, 75, 100, 150, 200, 300, 400. ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஷிப்ட் இருப்பவர்கள் இருந்தால் இந்தத் தாள்தான் அவர்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பும்.

பணம் வைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் தடை செய்திருக்கிறது. நேரில் ஆடுவதற்கு 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நட்புக்கும் அதுதான் நல்லது. எங்களுக்குச் சீசனில் முதல் பரிசு ஒரு பெட்டி மாம்பழம். அதற்காக நாங்கள் ஆடும் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

2. முதல் சீட்டு விழும் முன் பேசி முடிக்க வேண்டிய விதிகள்

ஆன்டி மட்டும் வைக்கும் ஆட்டத்தை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக ஆடுகிறார்கள். அதனால் இவற்றை முதலிலேயே பேசிவிடுங்கள். நடு ஆட்டத்தில் பேசினால் தகராறுதான்.

யார் முதலில் பேசுவது? டீலர் பட்டனுக்கு (ஒவ்வோர் ஆட்டமும் ஓர் இடம் நகரும் டீலர் அடையாளத்துக்கு) இடப்பக்கம் இருப்பவர். ஃபிளாப்புக்கு முன்னும் அவர்தான், பின்னும் அவர்தான்.

ஃபிளாப்புக்கு முன் செக் செய்யலாமா? எங்கள் வீட்டில் கூடாது. குறைந்தது ஓர் ஆன்டி அளவாவது வைத்து உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் ஃபோல்ட். ஆரம்பத்தில் செக் செய்ய அனுமதித்துப் பார்த்தோம். எட்டுப் பேரும் செக் செய்துவிட்டு எட்டுப் பேரும் ஃபிளாப் பார்த்தார்கள். அப்படி ஆடினால் ஃபிளாப்புக்கு முன் முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. செக் செய்யும் விதியில்தான் ஆடுவீர்கள் என்றால் கீழே சொல்லும் கைத்தேர்வுகள் உங்களுக்குப் பொருந்தாது.

எல்லோரும் ஃபோல்ட் செய்தால்? கடைசியில் இருக்கும் பட்டன்காரர் ஒன்றும் வைக்காமலே தட்டை எடுத்துக்கொள்வார்.

ஒருவரிடம் ஆன்டிக்கே சிப் போதவில்லை என்றால்? இருப்பதைப் போட்டு ஆல் இன். ஆன்டி 100, அவரிடம் 60 என்றால், மற்ற ஏழு பேரிடமிருந்தும் 60 வரைதான் அவருக்கு உரிமை. ஜெயித்தால் அவருக்கு 480. மீதி 280 தனித் தட்டு, அது மற்றவர்களுக்குள். இதை ஒருமுறை சிப்பை வைத்தே செய்து காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

3. ஸ்டாக்கை (உங்களிடம் இருக்கும் மொத்தச் சிப்பை) ஆன்டியால் அளக்காதீர்கள், தட்டால் அளங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எல்லோரும் ஆன்டி போட்டு முடித்ததும் தட்டில் எவ்வளவு இருக்கிறதோ, அதை "ஒரு தட்டு" என்று சொல்கிறோம். எட்டுப் பேர், ஆன்டி 100 என்றால் ஒரு தட்டு 800.

உங்களிடம் 10,000 இருக்கிறது, ஆன்டி 100. புதியவர் மனதில் ஓடுவது: "நூறு மடங்கு இருக்கு, அவசரமே இல்லை." பிளைண்ட் ஆட்டப் பழக்கம் அது. 50/100 பிளைண்டில் நடுவில் 150தான் இருக்கும். 10,000 என்பது அதைப்போல 66 மடங்கு. இங்கே நடுவில் 800. 10,000ஐ 800ஆல் வகுத்தால் 12.5 தட்டுதான். அதே சிப், அதே 100, ஆனால் நிலைமை ஐந்தில் ஒரு பங்கு. பிளைண்ட் கணக்கில் சொன்னால் உங்களிடம் ஏறக்குறைய 19 பெரிய பிளைண்ட்தான் இருக்கிறது. 19 பெரிய பிளைண்டோடு யாராவது "அவசரமே இல்லை" என்று உட்காருவார்களா?

தட்டுக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பட்டன் ஒரு முழுச் சுற்று வர எட்டு ஆட்டம். அதற்கு நீங்கள் கட்டும் ஆன்டி 8 × 100, அதாவது ஒரு தட்டு. ஆக, 12 தட்டு என்றால் ஒன்றும் செய்யாமல் 12 சுற்றுத் தாங்கும். ஒரு பார்வையில் ஆயுள் தெரிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை. 20 தட்டுக்கு மேல் இருந்தால் பொறுமையாக ஆடலாம். 10 முதல் 20 வரை, நல்ல இருக்கை வரும்போதெல்லாம் தட்டைப் பிடிக்க முயல வேண்டும். 5 முதல் 10 வரை, ரெய்ஸ் வைத்துவிட்டுப் பின்வாங்குவது வலிக்கும், தேர்ந்தெடுத்து இறங்குங்கள். 5க்குக் கீழே போனால் ஆல் இன் அல்லது ஃபோல்ட், நடுவில் வேறு எதுவும் இல்லை.

எவர்சில்வர் தட்டின் இரண்டாவது வேலையை இப்போது சொல்கிறேன். நிறையப் பேர் "நான்தான் 100 போட்டிருக்கேனே" என்று மோசமான சீட்டோடு உள்ளே வருவார்கள். ஆன்டி அவர்கள் முன்னாலேயே கிடந்தவரை அந்தப் பேச்சு ஓயவில்லை. தட்டுக்குள் போட்டு நடுவில் தள்ளியதும் ஓய்ந்தது. தட்டில் விழுந்தது உங்களுடையது இல்லை. எட்டுப் பேரும் அதே அளவுதான் போட்டிருக்கிறார்கள், யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. பிளைண்ட் ஆட்டத்தில் பெரிய பிளைண்ட்காரருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் உள்ளே வர முடியும். அதனால் அவர் தன் பிளைண்டைக் காப்பாற்ற இறங்குவார். இங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. நீங்கள் கால் செய்வதற்கு ஒரே காரணம், நடுவில் இருப்பதற்கும் கேட்கும் விலைக்கும் உள்ள விகிதம்தான்.

4. இருக்கையை எண்ணுங்கள்

பிளைண்ட் இல்லாததால் பட்டனுக்குப் பிறகு பேச யாரும் இல்லை. பிளைண்ட் ஆட்டத்தில் பட்டனில் இருப்பவர் இன்னும் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். இங்கே பட்டன்தான் எப்போதும் கடைசி. பட்டனுக்கு முன் இருக்கையில் இருப்பவர் ஒரே ஒருவரைத் தாண்டினால் போதும்.

அதேபோல் பட்டனுக்கு இடப்பக்க இருக்கைதான் எல்லாவற்றிலும் மோசம். ஏழு பேர் பின்னால் இருக்கிறார்கள். ஃபிளாப்புக்குப் பிறகும் முதலில் பேச வேண்டியது அவர்தான். பிளைண்ட் ஆட்டத்தில் ஃபிளாப்புக்கு முன் கடைசிக்கு முந்தைய ஆளாகப் பேசிப் பழகிய இடம் அது. அந்தப் பழக்கத்தில் அங்கே இருந்து லேசான சீட்டோடு இறங்குபவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் நூற்றுக்கு 85 முறை ஃபோல்ட் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் பின்னால் இருந்தால் எல்லோரும் ஃபோல்ட் செய்யும் வாய்ப்பு சுமார் 32%. மூன்று பேர் என்றால் 61%. ஒருவர் என்றால் 85%. இந்த எண்களை அடுத்த படிகளில் பயன்படுத்தப் போகிறோம்.

உங்கள் முறை வரும்போது சீட்டைப் பார்க்கும் முன் "எனக்குப் பின்னால் எத்தனை பேர்?" என்று எண்ணுங்கள். சீட்டைப் பார்த்துவிட்டு எண்ணினால், நல்ல சீட்டு வந்த மகிழ்ச்சியில் எண்ணிக்கை காதில் ஏறாது.

5. எவ்வளவு வைத்துத் திறப்பது

சென்ற மாம்பழ சீசனில் ஓசூரிலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்தார். ஆன்டி 100 ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது இருக்கையில் அவருக்கு ஏஸ்-ராணி. "ரெய்ஸ்" என்று 200 வைத்தார். ஐந்து பேர் கால் செய்தார்கள். நடுவில் 2,000. ஃபிளாப்பில் ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் நாலு. அவர் 1,000 வைக்க, பின்னால் இருந்தவர் 3,000 ஆக்கினார். தம்பி சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்: "அண்ணா, ரெண்டு மடங்கு போட்டேனே, ஏன் இத்தனை பேர் போகாம நின்னாங்க?"

ஏன் போவார்கள்? தட்டில் 800. அவர் வைத்தது 200. முதலில் கால் செய்பவருக்கு 200 கொடுத்தால் மொத்தம் 1,200க்குப் பங்கு கிடைக்கிறது. ஆறு முறைக்கு ஒருமுறை ஜெயித்தாலே நட்டமில்லை. அடுத்தடுத்துக் கால் செய்பவர்களுக்கு இன்னும் மலிவு. தம்பி மனதில் அது "ஆன்டியைப்போல இரண்டு மடங்கு". மேசையில் இருந்தவர்களுக்கு அது தட்டில் நாலில் ஒரு பங்கு.

பெரிய கை என்றாலும் கூட்டம் சேர்ந்தால் பலம் கரைந்துவிடும். இரண்டு ஏஸ் ஒரு சாதாரணக் கைக்கு எதிராக ரிவர் வரை போனால் சுமார் 85% ஜெயிக்கும். ஐந்து சாதாரணக் கைகளுக்கு எதிராகப் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஏஸ்-ராணி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு வைக்கலாம்? என் அனுபவத்தில் அரைத் தட்டு முதல் முக்கால் தட்டு வரை. 800 தட்டுக்கு 400 முதல் 600. நான் பெரும்பாலும் 500 வைப்பேன்.

500 வைத்து 800ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். 1,300க்கு 500, அதாவது 38.5% முறை எல்லோரும் ஃபோல்ட் செய்தாலே, கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கணக்கு சரியாகிவிடும். இப்போது நாலாவது படியின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இருக்கையில் 32%, போதாது. மூன்று பேர் பின்னால் இருக்கும்போது 61%, தாராளம். வெறும் கையோடு முதல் இருக்கையிலிருந்து பிடிக்கப் போவது ஏன் நட்டம், பின் இருக்கையில் ஏன் லாபம் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

கால் செய்பவர் பக்கமிருந்து பார்த்தால், 500 கொடுத்து மொத்தம் 1,800. அவருக்கு 27.8% ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். ஆறில் ஒன்று கேட்ட இடத்தில் இப்போது நாலில் ஒன்றுக்கு மேல் கேட்கிறோம். அந்த விலை உயர்வுதான் கூட்டத்தைக் குறைக்கிறது.

அப்படியானால் முழுத் தட்டு, 800 வைத்தால் என்ன? பாதி முறை எல்லோரும் ஃபோல்ட் செய்தால்தான் கட்டும். 12 தட்டு வைத்திருப்பவர் ஒவ்வொரு முயற்சியிலும் ஒரு தட்டைப் பணயம் வைக்க முடியாது. எனக்கு அது அதிகம்.

எல்லாக் கைக்கும் ஒரே அளவு வையுங்கள். நல்ல கைக்கு 600, வெறும் கைக்கு 400 என்று வைத்தால் வாராவாரம் எதிரில் உட்காருபவர்கள் மூன்றாவது வாரத்திலேயே படித்துவிடுவார்கள்.

ஓர் ஆன்டி மட்டும் வைத்து உள்ளே வரும் லிம்ப் பற்றிக் கேட்பார்கள். 100 வைத்து 900க்குப் பங்கு, விலை மிக மலிவுதான். சிறிய ஜோடிக்கு ஃபிளாப்பில் மூன்றாவது வந்து சேர வாய்ப்பு 11.8%. ஸ்டாக் 20 தட்டுக்கு மேல் இருந்து, பின்னால் இருப்பவர்கள் அமைதியானவர்களாக இருந்தால் தாராளமாக வாருங்கள். 12 தட்டில் வேண்டாம். பின்னால் ஒருவர் ரெய்ஸ் வைத்ததும் அந்த 100ஐ விட்டுவிட்டு எழ வேண்டியிருக்கும். அப்படிப் பத்து முறை விட்டால் ஒரு தட்டுக்கு மேல் போய்விடும்.

6. எந்த இருக்கையில் எந்தக் கை

10 முதல் 20 தட்டு வைத்திருக்கும்போது, உங்களுக்கு முன்னால் யாரும் திறக்காத நிலையில் நான் சொல்லிக்கொடுப்பது இது.

முதல் இரண்டு இருக்கை: ஆறு ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ஜாக்கியும் அதற்கு மேலும், ஒரே இனத்தில் ஏஸ்-பத்து, ஒரே இனத்தில் ராஜா-ராணி. சீட்டு சேரக்கூடிய 1,326 வகையில் இது 110. நூற்றுக்கு எட்டுதான். சலிப்பாக இருக்கும். பின்னால் ஆறேழு பேர் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடு இருக்கைகள்: எல்லா ஜோடியும், ஏஸ்-ஒன்பது வரை, ராஜா-ஜாக்கி வரை, ஒரே இனத்தில் ராணி-ஜாக்கி, ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது.

பட்டனுக்கு முந்தைய இருக்கை: பாதிக் கைகள். ஏஸ், ராஜா எது இருந்தாலும், ராணியோடு நடுத்தரச் சீட்டு இருந்தாலும், பக்கத்துப் பக்கத்து எண்கள் இருந்தாலும் திறக்கலாம். எதிரில் ஒரே ஆள்தானே.

பட்டன்காரருக்கும் இது தெரியும் என்பதை மறக்காதீர்கள். அவர் 85% ஃபோல்ட் செய்யும் ஆளாக இருக்க மாட்டார். முன் இருக்கைக்காரர் பாதிக் கைகளோடு வருகிறார் என்று தெரிந்தும் அவர் ஃபோல்ட் செய்துகொண்டே இருந்தால், தட்டைத் தானமாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

7. மற்றவர் திறந்த பிறகு

முதல் கேள்வி, அவர் எந்த இருக்கையிலிருந்து திறந்தார்? முன் இருக்கையிலிருந்து என்றால் அவர் கை எட்டு சதவீதத்துக்குள். ஏஸ்-பத்து அழகாகத் தெரியும், ஆனால் அந்தக் கூட்டத்தில் அது அடிபடும். விட்டுவிடுங்கள். பின் இருக்கையிலிருந்து என்றால் 27.8% விலைக்கு நிறைய கைகள் தகுதி பெறும், முக்கியமாக நீங்கள் பட்டனில் இருந்தால். ஃபிளாப்புக்குப் பிறகும் கடைசிப் பேச்சு உங்களுடையது.

மறு ரெய்ஸ் வைக்கும்போது அவர் வைத்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் வையுங்கள். 500க்கு 1,600. 1,000 மட்டும் வைத்தால், நடுவில் ஏற்கெனவே 2,300 கிடக்க, அவர் இன்னும் 500 கொடுத்தால் போதும். யாரும் எழ மாட்டார்கள்.

உங்களிடம் 3 முதல் 5 தட்டுதான் என்றால் மறு ரெய்ஸே கிடையாது, நேராக ஆல் இன். 1,600 வைத்துவிட்டு மீதி 1,600ஐ வைத்துக்கொண்டு ஃபோல்ட் செய்ய உங்களால் முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

8. ஃபிளாப்புக்குப் பிறகு

இதில் சுருக்கமாகப் போகிறேன். 500 திறந்து ஒருவர் கால் செய்தால் நடுவில் 1,800, உங்களிடம் 9,500. ஐந்து மடங்குதான். 50/100 பிளைண்டில் 250 திறந்து பெரிய பிளைண்ட் கால் செய்தால் நடுவில் 550, கையில் 9,750, கிட்டத்தட்ட 18 மடங்கு. அங்கே ஒரு மேல் ஜோடியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளுவது ஆபத்து. இங்கே இரண்டு மூன்று பெட்டில் எல்லாமே உள்ளே போய்விடும். அதனால் ஒரே எதிராளி இருக்கும்போது நல்ல மேல் ஜோடியோடு பின்வாங்க வேண்டியதில்லை. மூன்று பேருக்கு மேல் ஃபிளாப் பார்த்தால் கதை வேறு. யாரோ ஒருவருக்குப் பொருந்தியிருக்கும்.

9. ஸ்டாக் குறைந்துவிட்டால்

பிளைண்ட் ஆட்டத்தில் பிளைண்ட் தாண்டியதும் சில ஆட்டம் செலவில்லாமல் காத்திருக்கலாம். அந்த மூச்சு இங்கே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆன்டி சொட்டிக்கொண்டே இருக்கும், குழாய் ஒழுகுவதைப்போல. ஒரே அடியாகப் போகாததால் பலருக்கு உறைப்பதில்லை. "இன்னும் இருக்கே" என்று உட்கார்ந்தே கரைந்து போவார்கள்.

2,400 இருக்கிறது, ஆன்டி 100. 24 ஆட்டம், அல்லது 3 தட்டு. இப்போது ஆல் இன் வைத்தால் கால் செய்பவருக்கு 42.9% வாய்ப்பு வேண்டும். அந்த விலையில் நிறைய பேர் விட்டுவிடுவார்கள். விட்டால் உங்கள் 2,400 ஆன்டி போக 3,200 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி.

இதையே 800 ஆகும்வரை தள்ளிப்போட்டால், கால் செய்ய 33.3% போதும். கையில் எது இருந்தாலும் ஒருவர் வருவார், சில சமயம் இருவர். பயமுறுத்தும் சக்தி போய்விட்டது, இனி சீட்டு மட்டும்தான் பேசும். அதனால் 3 தட்டில் இறங்குங்கள், 2 தட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்.

எந்த இருக்கையில் இறங்குவது? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செலவு ஒன்றுதான், ஆனால் பின் இருக்கையில் வெற்றி வாய்ப்பு அதிகம். முதல் இருக்கையில் சுமாரான கை வந்தால் விடுங்கள். பட்டன் ஒவ்வோர் ஆட்டமாக நகர, உங்கள் இருக்கை மோசமான நிலையிலிருந்து ஒரே அடியாகப் பட்டனுக்குத் தாவும், பிறகு பட்டனுக்கு முந்தைய இடம், அதற்கும் முந்தைய இடம் என்று பின்னோக்கி நகரும். பட்டனை விட்டு இறங்கிய அடுத்த மூன்று ஆட்டமும் உங்களுக்குப் பின்னால் ஒருவர், இருவர், மூவர்தான். இறங்க வேண்டியது அந்த மூன்று ஆட்டத்துக்குள்.

10. ஆட்கள் குறையும்போது தட்டும் மெலியும்

பழகியவர்களும் கோட்டை விடும் இடம் இது. பிளைண்ட் ஆட்டத்தில் ஆள் குறைந்தாலும் நடுவில் விழும் பிளைண்ட் அப்படியேதான் இருக்கும். இங்கே எட்டுப் பேர் நாலு பேரானால் 800 தட்டு 400 ஆகிவிடும்.

4,000 வைத்திருப்பவருக்கு எட்டுப் பேர் இருந்தபோது 5 தட்டு. நாலு பேரில் அதே 4,000 பத்துத் தட்டு. ஒன்றும் ஜெயிக்காமலே நிலைமை சீராகிவிட்டது. ஆனால் மனிதர் பழைய பயத்திலேயே 4,000ஐயும் தள்ளி 400ஐப் பிடிக்கப் பார்ப்பார். ஒருவர் வெளியேறியதும் அடுத்த ஆட்டத்துக்கு முன் தட்டை மறுபடி எண்ணுங்கள். திறக்கும் அளவும் மாற வேண்டும். நாலு பேரில் 250 போதும்.

போட்டி நடத்துபவருக்கும் இதில் வேலை இருக்கிறது. எட்டுப் பேரின் மொத்தச் சிப் 80,000. ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு 10,000, தட்டு 200, அதாவது 50 தட்டு. கடைசி இருவர் வரும்போது ஆன்டி 400 வரை உயர்ந்திருந்தாலும் தட்டு 800தான். ஆளுக்குச் சராசரி 40,000. மறுபடியும் 50 தட்டு! இரண்டு மணி நேரம் ஆடியும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறீர்கள். எங்கள் முதல் போட்டி நள்ளிரவு தாண்டியும் முடியாமல், மாம்பழப் பெட்டியைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இப்போது கடிகார வரிசைக்கு மேல் ஒரு விதி வைத்திருக்கிறோம். நாலு பேர் ஆனதும் ஆன்டி இரட்டிப்பு, இருவர் ஆனதும் மறுபடி இரட்டிப்பு. தாளில் 400 என்றால் இருவருக்கு 1,600, தட்டு 3,200, சராசரி 12.5 தட்டு. அரை மணியில் முடிந்துவிடும்.

இந்த விதியோடு ஆடினால் ஐந்து பேர் இருக்கும் கட்டத்தைக் கூர்ந்து கவனியுங்கள். தாளில் 100 ஓடும்போது உங்களிடம் 3,000 இருந்தால் 6 தட்டு, 30 ஆட்டம். ஒருவர் வெளியேறிய கணமே ஆன்டி 200, தட்டு 800. உங்கள் 3,000 இப்போது 3.75 தட்டு, 15 ஆட்டம். மேசையில் வேறு ஒருவர் கடைசிச் சிப்போடு தத்தளித்தால், அவர் போகும் முன்பே நல்ல இருக்கையில் ஒரு தட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

11. வீட்டில் பழகும் முறை

தனியாகவே செய்யலாம். தரையில் எட்டு இடத்தில் இரண்டிரண்டு சீட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி புளியங்கொட்டை, ஒன்று 100 என்று வைத்துக்கொண்டு; எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறட்டும், 20, 45, 90, 130 என்று. ஒரு மூடியைப் பட்டனாக வையுங்கள்.

முதல் இருக்கையிலிருந்து தொடங்கி, சீட்டைத் திருப்பும் முன் வாய்விட்டு மூன்று எண்ணைச் சொல்லுங்கள்: தட்டு எவ்வளவு, எனக்குப் பின்னால் எத்தனை பேர், என்னிடம் எத்தனை தட்டு. பிறகு சீட்டைத் திருப்பி முடிவைச் சொல்லுங்கள். எட்டு இடமும் முடிந்ததும் ஓர் ஆளை வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். தட்டு 700, பிறகு 600. ஆள் குறையக் குறைய எண்களை உடனே மாற்றிச் சொல்ல வருகிறதா என்று பாருங்கள்.

ஓசூர் தம்பிக்கு இதைத்தான் கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் இருபது நிமிடம் செய்ததாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஆட்டத்தில், ஆன்டி 25 ஓடும்போது, நடு இருக்கையிலிருந்து 125 வைத்துத் திறந்தார். ஒருவர் மட்டும் கால் செய்தார்.